உருளையின் நிறை

நுழையும் முன்

அரிசிப் பானையின் மூடியைத் திறந்தால் எஞ்சியுள்ள அரிசி தெரியும். தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தால் எஞ்சியுள்ள நீர் தெரியும். ஆனால், சமையலறையின் மூலையில் நிற்கும் எரிவாயு உருளையைத் திறந்து பார்க்க இயலாது. சாய்த்துப் பார்க்கவும் கூடாது. கண்ணால் காண இயலாத ஒன்றின் அளவை எவ்வாறு அறிவது? அதற்கு விடை தேடுவதே இப்பாடம்.

1. காணாத பொருளின் அளவு

இந்தியாவில் பெரும்பாலான வீடுகளில் இன்று சமையலுக்குப் பயன்படுவது எரிவாயு உருளை. மக்கள் இதனைச் 'சிலிண்டர்' என்றே வழங்குவர். வீட்டுப் பயன்பாட்டுக்கு உரிய உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். உணவகங்களுக்கு உரியது 19 கிலோ கொண்டது. சிறு குடும்பங்களுக்கும், வேலைக்காக வேற்றூரில் தங்குவோருக்கும் 5 கிலோ உருளையும் கிடைக்கிறது.

இவ்வுருளை தீர்ந்துபோகும் நேரம் எவருக்கும் வசதியான நேரமாக அமைவதில்லை. குக்கரில் பருப்பு பாதி வெந்திருக்கும்போதோ, விருந்தினர் வந்து அமர்ந்திருக்கும்போதோ அடுப்பு அணையும். சொந்த ஊரில் என்றால் அடுத்த தெருவில் அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருக்கும். வேலையின் பொருட்டு வெளி மாநிலத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, உருளையில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை முன்கூட்டியே அறிவது அவர்களுக்கு மிகவும் தேவையான அறிவாகும்.

2. உருளைக்குள் இருப்பது என்ன?

உருளைக்குள் இருப்பது வாயு என்று பலர் எண்ணுவர். உண்மையில் அதனுள் இருப்பதில் பெரும்பகுதி நீர்மமே. புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு எரிபொருள்களின் கலவையே சமையல் எரிவாயு. இவை இயல்பான நிலையில் வாயுக்கள். அழுத்தம் கொடுத்து அடைத்தால் நீர்மமாகிவிடும். ஒரு லிட்டர் நீர்மம் ஆவியாகும்போது ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். ஒரு மாதத்துக்கு மேல் சமைப்பதற்கு உரிய எரிபொருள் இவ்வளவு சிறிய கலத்துள் அடங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

14.2 கிலோ உருளையின் உள்ளே 33.3 லிட்டர் இடம் உள்ளது. எனினும், அதனை முழுவதும் நிரப்புவதில்லை. புதிய உருளையிலும் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கே நீர்மம் இருக்கும். எஞ்சிய ஒரு பங்கு இடத்தில் அதன் ஆவி நிறைந்திருக்கும். வெயிலில் நீர்மம் விரிவடையும்போது அது பரவுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்காகவே அந்த வெற்றிடம் விடப்படுகிறது.

அடுப்பைத் திறக்கும்போது மேலே உள்ள ஆவி ரெகுலேட்டர் வழியாக வெளியேறி எரிகிறது. உடனே கீழே உள்ள நீர்மத்தின் ஒரு பகுதி ஆவியாகி, அவ்விடத்தை நிரப்புகிறது. இவ்வாறு நீர்மம் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகிறது.

3. அழுத்தம் ஏன் அளவாகாது?

மிதிவண்டிச் சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் அழுத்தமும் குறையும். அதுபோலவே உருளையிலும் எரிவாயு குறையக் குறைய அழுத்தம் குறையும் என்று கருதுவது இயல்பு. ஆனால், அக்கருத்து தவறானது.

சக்கரத்துள் இருப்பது காற்று மட்டுமே. உருளைக்குள் நீர்மமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கின்றன. அழுத்தம் சற்றே தணிந்தவுடன் நீர்மம் மேலும் ஆவியாகி அதனை ஈடுசெய்துவிடும். நீர்மம் எஞ்சியிருக்கும் வரையில் இது நடந்துகொண்டே இருக்கும். எனவே, பத்துக் கிலோ இருக்கும்போதும் ஒரு கிலோ இருக்கும்போதும் உருளையின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. அவ்வழுத்தத்தைப் பெரிதும் மாற்றுவது வெப்பநிலை. கோடையில் அழுத்தம் ஏறும், குளிர்காலத்தில் இறங்கும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. சோற்றுக்குப் பொருந்தும் இந்த முறை உருளைக்குப் பொருந்தாது. இன்று சுடர் நன்றாக எரிகிறது என்பதைக் கொண்டு நாளையும் எரியும் என்று சொல்ல இயலாது. கடைசி நாளுக்கு முந்திய நாளிலும் சுடர் முதல் நாளைப் போலவே நீல நிறத்தில் எரியும்.

குளிர் மிகுந்த ஊர்களில் இதற்கு நேர்மாறான நிலையும் ஏற்படும். புரோப்பேனின் கொதிநிலை உறைநிலைக்குக் கீழே 42 பாகை செல்சியசு. பியூட்டேனின் கொதிநிலையோ உறைநிலைக்கு அரைப் பாகை மட்டுமே கீழே உள்ளது. ஆகவே, கலவையில் புரோப்பேனே முந்தி ஆவியாகும், பியூட்டேன் பின்தங்கும். லே, சிம்லா போன்ற ஊர்களில் கடுங்குளிர் நாளில் உருளை குளிர்ந்துவிட்டால், எரிபொருள் எஞ்சியிருந்தும் சுடர் சிறுத்துவிடும். உருளை தீர்ந்துவிட்டது என்று எண்ணித் திருப்பிக் கொடுப்பவர் பணம் கொடுத்து வாங்கிய எரிபொருளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

4. வீடுகளில் வழங்கும் முறைகள்

உருளையின் அளவை அறிய மக்கள் பல முறைகளைக் கையாள்கின்றனர். அவை அனைத்தும் ஒரே தரத்தின அல்ல.

முதலாவது, சுடரைப் பார்த்தல். சுடர் மஞ்சளாக மாறினால் எரிவாயு தீரப்போகிறது என்பர். பர்னரின் துளைகளில் அழுக்குச் சேர்ந்தாலும் சுடர் மஞ்சளாகும். ஆகவே, இதனை உறுதியான அடையாளமாகக் கொள்ள இயலாது.

இரண்டாவது, ஆட்டிப் பார்த்தல். 'நிறைகுடம் தளும்பாது' என்பதற்கேற்ப, குறைந்த உருளையில் நீர்மம் தளும்பும் ஓசை கேட்கும். ஆனால், பாதி இருக்கும்போதும் கால்பங்கு இருக்கும்போதும் ஓசை ஒன்றுபோலவே இருக்கும். மேலும், கனமான உருளையை ஆட்டும்போது ரப்பர்க் குழாய் இழுபட்டுக் கசிவு ஏற்படக்கூடும்.

மூன்றாவது, ஈரத்துணி முறை. நன்கு நனைத்த துணியால் உருளையின் பக்கத்தை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஆவி மட்டுமே உள்ள மேற்பகுதி விரைவில் உலர்ந்துவிடும். நீர்மம் உள்ள கீழ்ப்பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே ஈரம் நீடிக்கும். உலர்ந்த இடமும் ஈரமான இடமும் சந்திக்கும் கோடே நீர்மத்தின் மட்டம். சமைத்து முடித்தவுடன் இச்சோதனையைச் செய்தால் கோடு தெளிவாகத் தெரியும். ஏனெனில், ஆவியாகும்போது நீர்மம் தன் வெப்பத்தை இழந்து மேலும் குளிர்ந்திருக்கும். இது அறிவியலுக்கு இசைந்த முறை. எனினும், பாதியா, கால்பங்கா என்று சொல்லுமே தவிர, எத்தனை கிலோ என்று சொல்லாது. நீர்ம மட்டம் உருளையின் அடிவளையத்தை நெருங்கும்போது, அதாவது அளவை அறிவது மிகவும் தேவைப்படும்போது, கோடு கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும்.

நான்காவது, நாட்காட்டி முறை. உருளையைப் பொருத்திய நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். சென்ற உருளை எத்தனை நாள் நீடித்தது என்பது தெரிந்தால், இந்த உருளை தீரும் நாளை ஏறத்தாழக் கணிக்கலாம். விருந்தினர் வந்தாலோ, குளிர்காலத்தில் குளிப்பதற்கும் அடுப்பில் வெந்நீர் வைத்தாலோ இக்கணக்கு பொய்த்துவிடும்.

5. நிறையே சான்று

மேலே கூறிய முறைகள் அனைத்தும் குறிப்பால் உணர்த்துவன. ஐயமின்றி அளவைச் சொல்வது எடை ஒன்றே. எரிபொருள் குளிர்ந்தாலும் சூடானாலும், நீர்மமாக இருந்தாலும் ஆவியாக இருந்தாலும் அதன் எடை மாறுவதில்லை.

ஒவ்வோர் உருளையின் மேற்பகுதியிலும் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது எரிவாயு இல்லாத வெற்று உருளையின் எடை. அதன் அருகே 'டி.டபிள்யூ.' என்னும் குறியும் காணப்படலாம். பெரும்பாலும் இவ்வெடை 15 கிலோவுக்கும் 17 கிலோவுக்கும் இடையில் இருக்கும். ஒவ்வோர் உருளைக்கும் இது சற்றே வேறுபடுவதால், தம் வீட்டு உருளையின் எண்ணையே பார்த்துக் கணக்கிட வேண்டும்.

கணக்கு எளியது.

மொத்த எடை − வெற்று எடை = எஞ்சிய எரிவாயு

எடுத்துக்காட்டாக, ஓர் உருளையின் வெற்று எடை 15.9 கிலோ. தராசு 20.3 கிலோ காட்டுகிறது. எஞ்சிய எரிவாயு 4.4 கிலோ. அக்குடும்பம் 14.2 கிலோவை 35 நாளில் செலவிடுகிறது என்றால், ஒரு நாள் செலவு ஏறத்தாழ 0.4 கிலோ. ஆகவே, உருளை இன்னும் 11 நாளுக்கு வரும்.

இக்கணக்கு உருளை தீரும்போது மட்டுமன்றி, புதிய உருளை வரும்போதும் உதவும். வெற்று எடையுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் புதிய உருளையின் மொத்த எடை கிடைக்கும். உருளையைக் கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டுமாறு கேட்பது நுகர்வோரின் உரிமை. பணிவுடன் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

உருளையின் மற்றொரு பட்டையில் 'சி–28' என்பது போன்ற குறி இருக்கும். இது உருளையை அடுத்துச் சோதிக்க வேண்டிய காலத்தைக் குறிக்கும். 'ஏ' என்பது மார்ச்சு வரையிலும், 'பி' சூன் வரையிலும், 'சி' செப்டம்பர் வரையிலும், 'டி' டிசம்பர் வரையிலும் உள்ள காலாண்டுகள். ஆகவே, 'சி–28' என்றால் 2028ஆம் ஆண்டு செப்டம்பர் வரை என்பது பொருள். காலம் கடந்த உருளையை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

6. பொங்கலுக்கு முதல் நாள்

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். தை முதல் நாளன்று நண்பர்கள் நான்கு குடும்பத்தினரை விருந்துக்கு அழைத்திருந்தனர். கும்பகோணத்திலிருந்து பாட்டியும் வந்திருந்தார். முதல் நாள் மாலை, நாட்காட்டியைப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவியாகிய பேத்திக்கு ஐயம் எழுந்தது.

"அம்மா, சிலிண்டரை டிசம்பர் 6ஆம் நாள் மாற்றினோம். இன்றைக்கு 38 நாள் ஆகிறது. போன சிலிண்டர் 40 நாள்தானே வந்தது?"

"சுடர் நன்றாகத்தானே எரிகிறது. நாளைக்குத் தாங்கும்" என்றார் அம்மா.

பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து உருளையைத் துடைத்தார். சிறிது நேரத்தில் மேற்பகுதி முழுவதும் உலர்ந்தது. அடிவளையத்தை ஒட்டி மட்டும் ஈரம் நின்றது.

"அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, கண்ணு. ஆனால், எவ்வளவு என்று என் கைக்குத் தெரியவில்லை" என்றார் பாட்டி.

"எனக்குத் தெரியும், பாட்டி. ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுப்போமே, அந்தத் தொங்கு தராசை எடுத்து வருகிறேன். அப்பா, நீங்கள் தூக்க வேண்டும்."

அப்பா ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, உருளையின் வாய்க்கு மூடியிட்டார். பிறகு தராசின் கொக்கியை உருளையின் கைப்பிடியில் மாட்டித் தூக்கினார். தராசு 17 கிலோ காட்டியது. பட்டையில் இருந்த எண் 16.1. எஞ்சியது 0.9 கிலோ.

"இது எத்தனை மணி நேரம் எரியும்?" என்று கேட்டார் அம்மா.

பேத்தி தாளில் கணக்கிட்டாள். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் முழுச்சுடரில் ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 140 கிராம் செலவாகும். மறுநாள் இரண்டு பர்னர்களும் நான்கு மணி நேரம் எரிய வேண்டும். அதற்கு 1,120 கிராம் தேவை. இருப்பதோ 900 கிராம்.

"போதாது, அம்மா. விருந்து முடிவதற்குள் தீர்ந்துவிடும்."

அம்மா உடனே புதிய உருளைக்குப் பதிவு செய்தார். ஆனால், அது வருவதற்கு இரண்டு நாளாகும். வீட்டில் ஒரு மின்தூண்டல் அடுப்பு இருந்தது. அவ்வடுப்பில் வெண்கலப் பானை சூடேறாது. காந்தம் ஒட்டும் அடிப்புறம் கொண்ட கலங்களே சூடேறும். எனவே, சாம்பாரையும் சோற்றையும் குக்கரில் வைத்து மின் அடுப்பில் சமைப்பது என்றும், வெண்கலப் பானையில் வைக்கும் பொங்கலுக்கும் வடைக்கும் மட்டும் எரிவாயுவைப் பயன்படுத்துவது என்றும் முடிவு செய்தனர்.

மறுநாள் காலையில் பால் பொங்கியது. விருந்தும் குறைவின்றி நடந்தது. அன்று இரவு பால் காய்ச்சும்போது அடுப்பு அணைந்தது.

"துணி இருக்கிறது என்றது, தராசு எவ்வளவு என்றது" என்று கூறிப் பேத்தியின் தலையை வருடினார் பாட்டி.

7. வீட்டை இழுத்துச் செல்லும் வண்டி

எரிவாயுவின் அளவைப் பற்றிய இக்கவலை இந்தியச் சமையலறைக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவில் படுக்கை, சமையலறை, குளியலறை ஆகியவற்றைக் கொண்ட பெரிய வண்டிகளில் நெடும்பயணம் செய்வோர் பலர். இவ்வண்டியை 'ஆர்.வி.' என்று அழைப்பர். அடுப்பு, வெந்நீர்க் கலம், அறையைச் சூடாக்கும் கருவி ஆகியன இதில் புரோப்பேனால் இயங்குகின்றன. பல வண்டிகளில் குளிர்பதனப் பெட்டியும் அதனாலேயே இயங்கும். குளிர் மிகுந்த இடங்களிலும் ஆவியாகும் என்பதால் அங்கே புரோப்பேனே பயன்படுகிறது.

சிறிய வண்டிகளில் 20 பவுண்டு உருளைகள் இருக்கும். ஒன்றில் ஏறத்தாழ 9 கிலோ புரோப்பேன் அடங்கும். சமையலுக்கு மட்டும் என்றால் இது பல நாளுக்கு வரும். ஆனால், அறையைச் சூடாக்கும் கருவி இடைவிடாது இயங்கினால் ஒரு மணி நேரத்தில் 700 கிராம் வரை செலவாகும். அப்படியானால் ஓர் உருளை ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கே வரும். ஆளரவமற்ற மலைப்பகுதியில், பனி பெய்யும் நள்ளிரவில் உருளை தீர்ந்தால் அது வெறும் இடையூறு அன்று, உடல்நலத்துக்கே கேடாகும்.

ஆகவே, அவர்களும் அளவை அறியப் பல வழிகளைக் கையாள்கின்றனர். வண்டியின் அடியில் பொருத்தப்பட்ட பெரிய கலத்துள் ஒரு மிதவை இருக்கும். நீர்ம மட்டத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கி, வெளியே உள்ள முள்ளை நகர்த்தும். வண்டி மேட்டிலோ சரிவிலோ நின்றால் அம்முள் தவறான அளவைக் காட்டும். சமதளத்தில் நிறுத்திய பின்னரே பார்க்க வேண்டும். இரண்டு உருளைகள் உள்ள வண்டிகளில், ஒன்று தீர்ந்தவுடன் மற்றொன்றுக்குத் தானே மாறும் ரெகுலேட்டர் உண்டு. அதில் உள்ள பச்சை அடையாளம் சிவப்பாக மாறினால் முதல் உருளை தீர்ந்தது என்று பொருள். இரண்டு உருளைகளும் தீரும்வரை அச்சிவப்பைக் கவனியாதவர் குளிரில் வாட வேண்டியதுதான்.

சுடுநீரை ஊற்றிக் கையால் தடவி மட்டம் காணும் பழக்கம் அங்கும் உண்டு. அங்குள்ள உருளையின் வளையத்திலும் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும்; கிலோவுக்கு மாறாகப் பவுண்டு கணக்கில் இருக்கும். கும்பகோணத்துப் பாட்டியின் ஈரத்துணியும் அமெரிக்கப் பயணியின் சுடுநீரும் ஒரே இயற்கை விதியைப் பயன்படுத்துகின்றன. இரண்டு நாட்டிலும் இறுதித் தீர்ப்பை அளிப்பது தராசே.

8. செய்யத் தகாதவை

எஞ்சிய எரிவாயுவை அறியும் ஆர்வத்தில் பாதுகாப்பை மறத்தல் கூடாது.

உருளையைப் படுக்க வைத்தோ தலைகீழாகக் கவிழ்த்தோ பயன்படுத்தக் கூடாது. அவ்வாறு செய்தால் ஆவிக்குப் பதிலாக நீர்மமே குழாய்க்குள் புகுந்து, அடங்காத தீயாக எரியும். கடைசித் துளியையும் பெறும் பொருட்டு உருளையைக் கொதிநீரில் நிறுத்துவதும் தீயருகில் வைப்பதும் பேராபத்தை விளைவிக்கும். மட்டம் காண்பதற்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியே போதும்.

உருளையைத் தூக்குவதும் ரெகுலேட்டரைக் கழற்றுவதும் பெரியவர்கள் செய்ய வேண்டியவை. எண்ணைப் படிப்பதும் கணக்கிடுவதும் சிறுவர்கள் செய்யத் தக்கவை.

எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருள் அதில் கலக்கப்படுகிறது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். நாற்றம் வந்தால் மின்விளக்குப் பொத்தானைத் தொடக் கூடாது. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு, சன்னல்களைத் திறந்து வைத்து, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பிறகு 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். கசியும் இடத்தைக் கண்டறிய உதவுவது சோப்பு நீர், நெருப்பு அன்று.

9. நிறையும் நிறைவும்

தமிழில் 'நிறை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நிரம்பியிருத்தல், மற்றொன்று, எடை. துலாக்கோலுக்கு 'நிறைகோல்' என்னும் பெயரும் உண்டு. குடத்தின் நிறைவைக் கண்ணால் காணலாம். மூடிய உருளையின் நிறைவை அதன் நிறையால் மட்டுமே காணலாம். ஒரு சொல்லில் இணைந்து நிற்கும் இவ்விரண்டு பொருள்களும் சமையலறை மூலையிலும் இணைந்து நிற்கின்றன.

சுடரின் நிறத்தையும் ஓசையையும் கொண்டு 'இருக்கும்' என்று நம்புவது ஊகம். வெற்று எடையைப் பார்த்து, மொத்த எடையை நிறுத்து, கழித்துப் பார்த்து 'இவ்வளவு இருக்கிறது' என்று சொல்வது அறிவு. ஊகத்துக்கும் அறிவுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கழித்தல் கணக்கே.

சொல்லும் பொருளும்

உருளை – சிலிண்டர்
நீர்மம் – நீர் போல ஓடும் தன்மையுள்ள பொருள்
கொதிநிலை – நீர்மம் கொதித்து ஆவியாகும் வெப்பநிலை
வெற்று எடை – உள்ளே பொருள் இல்லாதபோது கலத்தின் எடை
மிதவை – நீர்மத்தின் மேல் மிதக்கும் பொருள்
துலாக்கோல் – தராசு
ஐயம் – சந்தேகம்
ஊகம் – சான்றின்றி உய்த்துணர்வது

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. உருளையின் அழுத்தத்தைப் பெரிதும் மாற்றுவது (வெப்பநிலை / எஞ்சிய அளவு / உருளையின் நிறம்).
2. காற்றைவிட எரிவாயு (இலேசானது / கனமானது / சம எடையுள்ளது).
3. 'பி–29' என்னும் குறி உணர்த்தும் மாதம் (மார்ச்சு / சூன் / டிசம்பர்).

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. புதிய உருளையிலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விடப்படுவது ஏன்?
2. ஈரத்துணியால் துடைத்த உருளையின் கீழ்ப்பகுதியில் ஈரம் நீடிப்பது ஏன்?
3. வெண்கலப் பானையை மின்தூண்டல் அடுப்பில் வைக்காதது ஏன்?

இ. விரிவாக விடை எழுதுக.
1. உருளையின் அழுத்தத்தைக் கொண்டு எஞ்சிய எரிவாயுவை அறிய இயலாது என்பதை விளக்குக.
2. "துணி இருக்கிறது என்றது, தராசு எவ்வளவு என்றது." பாட்டியின் இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஈ. கணக்கிட்டு எழுதுக.
ஓர் உருளையின் வெற்று எடை 15.6 கிலோ. இப்போது தராசு காட்டுவது 22.8 கிலோ. நாள்தோறும் 0.4 கிலோ செலவானால், உருளை இன்னும் எத்தனை நாளுக்கு வரும்?

உ. மொழிப்பயிற்சி
1. எரிவாயு என்பது எரிந்த வாயு, எரிகின்ற வாயு, எரியும் வாயு என முக்காலத்துக்கும் பொருந்தும். இவ்வாறு காலம் மறைந்து வரும் தொகை வினைத்தொகை எனப்படும். கொதிநிலை, சுடுநீர் ஆகியவற்றை இம்முறையில் விரித்து எழுதுக.
2. ஒருமைக்கு 'அன்று' என்பதும் பன்மைக்கு 'அல்ல' என்பதும் வரும். கோடிட்ட இடங்களை நிரப்புக.
அழுத்தம் சரியான அளவு ______.
சுடரும் ஓசையும் சரியான அளவுகள் ______.
3. 'நிறை' என்னும் சொல்லை அதன் இரண்டு பொருள்களிலும் அமைத்துத் தொடர்கள் எழுதுக.

ஊ. செயல்பாடு
வீட்டு உருளையில் உள்ள வெற்று எடையையும் சோதனைக் காலக் குறியையும் பெரியவர் ஒருவரின் துணையுடன் பார்த்து எழுதுக. அடுத்த உருளை பொருத்தப்படும் நாளிலிருந்து அது தீரும் நாள்வரை எண்ணி, ஒரு நாளின் செலவைக் கணக்கிட்டு, வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.